வற்றும் பெருக்கும் ஒரு சீஆர் கொப்பியும்

இரண்டு வருசமாக ஒரு காட்சி என்னை விட்டுப் போகவில்லை. ஒருவர் எழுந்து நின்று பேசுகிறார், இருந்தவர்கள் சிரிக்கிறார்கள், அவர் கையில் விரித்து வைத்திருந்த சீஆர் கொப்பியை, தடித்த மட்டை போட்ட அந்தப் பெரிய கொப்பியை, மூடி, கொண்டுவந்த ஷொப்பிங் பையிலேயே திரும்பவும் சுற்றி, பையின் காதுகளை இரண்டு முடிச்சாகப் போட்டுவிட்டு உட்காருகிறார். நடந்தது அவ்வளவுதான். யாரும் அவரைத் திட்டவில்லை, வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் அந்த முடிச்சைப் போடும்போது அவர் விரல்கள் அவசரப்படாமல், மிகவும் நிதானமாக வேலை செய்தன. வீட்டில் பழகிய முடிச்சு. அந்தக் கொப்பி தண்ணீர் படாமல் பல காலம் அப்படித்தான் காக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. மேடையில் நின்றது நான்.

நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அன்றைக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் ஈர்ப்பைப் பற்றிப் பொதுப்பேச்சு ஒன்று ஒழுங்கு செய்திருந்தார்கள். மாணவர்கள், பெற்றோர், இரண்டு மூன்று ஆசிரியர்கள், மொத்தம் ஒரு ஐம்பது பேர். வழமையாகச் சொல்வதைத்தான் சொன்னேன். ஆப்பிள், சந்திரன், வற்றுப்பெருக்கு. சந்திரன் இருக்கிற பக்கம் கடல் உப்பி நிற்கிறது, எதிர்ப் பக்கமும் உப்பி நிற்கிறது, நடுவில் பூமி சுழல்வதால் எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் பெருக்கு என்று கரும்பலகையில் முட்டை வடிவத்தில் படமும் கீறினேன். கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்து எழும்பியவர்தான் அவர். அறுபது வயது இருக்கும். போட் எஞ்சின் திருத்துகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது.

"மாஸ்டர், பறுவத்தண்டு நடுச்சாமத்திலை நிலவு உச்சியிலை நிக்கும். நீங்க சொல்லுற மாதிரி அது தண்ணியை இழுக்குதெண்டா அந்த நேரம் பெருக்கு நிக்கவேணும். எங்கட பக்கம் அந்த நேரம் தண்ணி வத்திக்கொண்டெல்லோ இருக்கு" என்றார்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன். அவர் நிறுத்தவில்லை. கொப்பியை விரித்தபடி, நிலவு ஒன்றையும் இழுக்கவில்லை, கடல் தன்பாட்டில் மூச்சு விடுகிறது, கார்த்திகை மார்கழியில் முழுக் கடலுமே உயர்ந்து நிற்பதும் அந்த மூச்சின் ஒரு பகுதிதான், நியூட்டன் கரையில் இருந்து எழுதினவர் என்று ஒரு பெரிய கொள்கையாகவே சொல்லத் தொடங்கினார். முன்வரிசையில் இருந்த ஓர் ஆசிரியர் திரும்பி, "நியூட்டனுக்குத் தெரியாததோ அண்ணை உங்களுக்குத் தெரியும்?" என்றார். சிரிப்பு அங்கே தொடங்கியது. நான் அதை அடக்கவில்லை. "கேள்வி நேரத்திலை கேள்வி மட்டும் கேளுங்கோ அண்ணை, கொள்கை சொல்லாதேங்கோ" என்றேன், சிரித்துக்கொண்டே. பிள்ளைகள் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள், ஏனென்றால் சேரே சிரித்துவிட்டார்.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை வந்து கேட்டாள். "சேர், அவர் சொன்ன நேரம் சரியோ? பறுவத்திலை நடுச்சாமம் தண்ணி வத்துமோ?" எனக்குத் தெரியாது. இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே ஐம்பது வருசம் இருந்திருக்கிறேன், தெரியாது. "அது சிலபஸிலை இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில்தான் கூடவே வந்தது.

ஏன் சிரிக்கிறோம்

எங்களுக்குக் கோபம் வருவதற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பௌதிகவியல் படிப்பிக்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள், வருசத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். ஐன்ஸ்டைன் பிழை என்று ஒருவர், புவியீர்ப்பை மறைக்கத் தகடு செய்திருக்கிறேன் என்று ஒருவர். மூலிகைப் பெட்ரோல் கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022இல், மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில், ஒருவர் என் வீட்டு வாசலுக்கே ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்தார். ஒரு மோட்டார் டைனமோவைச் சுற்றுமாம், டைனமோ திரும்ப மோட்டாரை ஓட்டுமாம், மிச்சக் கரண்டில் வீட்டுக்கு லைட் எரியுமாம். உள்ளே ஒரு பற்றரி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கோ, காலையிலும் ஓடினால் நானே உங்களோடு கொழும்புக்கு வருகிறேன் என்றேன். அவர் திரும்பி வரவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். இருட்டில் இருந்த மனிதர், வெளிச்சம் வேண்டும் என்று செய்து பார்த்தார். ஆனால் ஒவ்வொரு தரமும் இப்படி நேரம் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775இலேயே இனி நிரந்தர இயக்க எந்திரம் எதையும் பரிசோதிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. களைத்துப் போய்த்தான் போட்டார்கள்.

ஆனால் களைப்பு வேறு, அன்றைக்கு அந்த ஆய்வுகூடத்தில் இருந்தது வேறு. களைத்தவன் "எனக்கு நேரமில்லை" என்பான். நாங்கள் சிரித்தோம். சிரிப்பதற்கு ஒரு தெம்பு வேண்டும், அந்தத் தெம்பு எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கிற பதில் நல்லதாக இல்லை. நாங்கள் எவரும் நியூட்டனைப் படித்து, கணக்குப் போட்டு, கடலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இல்லை. புத்தகத்தில் ஒரு முட்டைப் படம் இருந்தது, அதைப் பாடமாக்கினோம், அதற்குப் புள்ளி வாங்கினோம், அதை வைத்துச் சம்பளம் வாங்குகிறோம். அந்தப் படத்தில் ஒருவர் கை வைத்தபோது எங்களுக்குச் சுட்டது. விளங்கிய விசயத்தை ஒருவர் மறுத்தால் விளக்கலாம். விளங்காமல் வைத்திருக்கிறதை மறுத்தால்தான் ஆத்திரம் வருகிறது. இதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். "எங்கட தீவுக்குத் தெற்கே கடல் நூறு மீற்றர் பள்ளமா இருக்கு" என்று ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? கடலில் எப்படி ஐயா பள்ளம் வரும் என்று சிரிப்போம். அது உண்மை. பூமிக்கு உள்ளே பொருள் ஒரே சீராக இல்லை, அதனால் ஈர்ப்பும் சீராக இல்லை, இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைவான ஒரு பெரும் பரப்பு இருக்கிறது, அங்கே கடல் மட்டம் பூமியின் சராசரி வடிவத்தை விட ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்து நிற்கிறது. 1948இல் வெனிங் மைனெஸ் என்ற டச்சுக்காரர் கப்பலில் ஈர்ப்பை அளந்து கண்டுபிடித்தார். காரணம் என்ன என்று இப்போதும் ஆராய்கிறார்கள், 2023இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் கூட ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். வாத்தி சொன்னால் குறிப்பெடுக்கிறோம், மெக்கானிக் சொன்னால் சிரிக்கிறோம். சொன்னது ஒன்றுதான்.

குழாயில் வெட்டிய கோடுகள்

மூன்று கிழமை பொறுத்து அவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் பொய். பாதி அதற்கு, மீதி அவர் எங்கே பிழை விட்டார் என்று கண்டுபிடித்து அந்தப் பிள்ளைக்குச் சொல்ல. உள்துறைமுக வீதிப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. ஒரு யமஹா எஞ்சினின் தலையைக் கழற்றி வைத்துக்கொண்டு, கரி பிடித்த பிளக்கை வயர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, கையைத் துணியில் துடைத்து, "வாங்கோ மாஸ்டர், இருங்கோ" என்று ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தள்ளினார். அன்றைய கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்தான் தட்டுத்தடுமாறி, அண்டைக்கு அப்படிச் சொன்னது பிழை அண்ணை என்றேன். அவர் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி சொன்னார்: "நான் சொல்லுறது பிழையெண்டா பிழையெண்டு சொல்லுங்கோ மாஸ்டர், அதுக்கொண்டும் இல்லை. என்ன பிழையெண்டு சொல்லாமல் சிரிச்சதுதான்..." வசனத்தை முடிக்கவில்லை.

பிறகு என்னை வெளியே கூட்டிப் போனார். பட்டறைக்குப் பின்னால், பாவனையில் இல்லாத ஒரு சிறிய மர இறங்குதுறை. அதன் கடைசிக் காலோடு சேர்த்து ஒரு இரும்புக் குழாய் நிலைக்குத்தாகக் கட்டப்பட்டிருந்தது. குழாய் முழுக்க அங்குலத்துக்கு ஒரு கோடு, ஹக்ஸோவால் வெட்டியது, ஒவ்வொரு ஆறாவது கோட்டிலும் சிவப்புப் பெயின்ட். கீழ்ப் பாதியில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டி, கோடுகள் மறைந்துவிட்டிருந்தன. அந்த இடங்களை மட்டும் அவர் சுரண்டிச் சுரண்டித் துப்புரவாக வைத்திருந்தார், இரும்பு பளபளவென்று தெரிந்தது. உள்துறைமுகத்தில் அலை இல்லை, தண்ணீர் ஒரு சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, எண்ணெய் மாதிரி அசையாமல் நின்றது. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து நிமிசத்தில் அது மெதுவாகத் தண்ணீருக்குள் போனது. வற்றுப்பெருக்கைப் படிப்பிக்கிற நான் அதை அளவுகோலில் பார்த்தது அன்றைக்குத்தான். எங்கள் கரைகளில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றர் கூட வராது, அதனால் கவனிக்காமலே ஒரு ஆயுளைக் கழித்துவிடலாம்.

கொப்பியை எடுத்து வந்தார். அதே ஷொப்பிங் பை, அதே இரண்டு முடிச்சு. உள்ளே பக்கம் பக்கமாகத் திகதி, நேரம், கோட்டின் இலக்கம். பறுவம் ஒரு வட்டம், அமாவாசை நிரப்பிய ஒரு வட்டம். காற்று பலமான நாட்களுக்குப் பக்கத்தில் "வாடை" என்று எழுதியிருந்தது. ஏனென்றால் காற்றுத் தள்ளிய தண்ணியை வற்றுப்பெருக்கோடு சேர்க்கக்கூடாதாம், அதை அவராகவே யோசித்துப் பிரித்து வைத்திருக்கிறார். சில பக்கங்களில் கிறீஸ் பட்ட பெருவிரல் அடையாளம். எட்டு வருசக் கணக்கு. பறுவ இரவுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நிலவு உச்சியில் நிற்கும்போது தண்ணீர் வற்றிக்கொண்டுதான் இருந்தது. பெருக்கு அதற்கு மணிக்கணக்கில் முன்பே வந்து போயிருந்தது. ஒரு பறுவத்தில் இல்லை, எல்லாப் பறுவத்திலும்.

உள்ளூர்க் காரணம் ஏதாவது இருக்கும் அண்ணை, துறைமுகத்தின் வாய் ஒடுக்கம், தண்ணி உள்ளே வரச் சுணங்கும் என்று சமாளித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்த கேள்வி.

"மாஸ்டர், சுனாமி அண்டைக்கு சுமத்திராவிலை வெடிச்சு இஞ்ச வர ரெண்டு மணித்தியாலம் எடுத்தது. கடல்லை அதை விடக் கெதியா ஒரு அலை ஓடுமோ?"

"ஓடாது. ஆழத்தைப் பொறுத்தது."

"நிலவு அந்தத் தூரத்தை ஒரு மணித்தியாலத்திலை தாண்டுதெல்லோ. அப்ப நீங்க கீறின அந்த முட்டை எப்பிடி நிலவோட சேந்து ஓடும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த ஊரில் அந்த அலையை நேரில் கண்டவர்களில் அவரும் ஒருவர், வீட்டைப் பறிகொடுத்தவர். வேறு ஆட்கள் அந்த நாளைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. அவர் அதிலிருந்து ஒரு எண்ணை எடுத்து வைத்திருந்தார், இரண்டு மணித்தியாலம் என்று.

பழைய கணக்கு

இரவு வீட்டில் கணக்குப் போட்டேன். உயர்தரப் பிள்ளைகள் கூடப் போடக்கூடிய கணக்கு. கடலின் ஆழம் சராசரியாக 4 கிலோமீற்றர் என்று வைத்தால், இப்படிப்பட்ட நீண்ட அலையின் வேகம் ஈர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர், மணித்தியாலத்துக்கு 700 கிலோமீற்றருக்குச் சற்று மேல். சுமத்திராவிலிருந்து 1500 கிலோமீற்றருக்கு மேல் வந்த அலைக்கு ஏன் இரண்டு மணித்தியாலம் என்பதற்கும் அதுவே விடை. ஆனால் பூமி சுழலும் வேகத்தில், சந்திரன் எங்கள் கடலுக்கு மேலால் மணித்தியாலத்துக்கு 1600 கிலோமீற்றர் போகிறது. தண்ணீரால் அதோடு ஓட முடியாது. நான் கீறிய முட்டை, பூமி முழுவதும் ஆழமான தண்ணீராக இருந்து, அந்தத் தண்ணீருக்கு வேண்டிய நேரமும் இருந்தால் எடுக்கக்கூடிய வடிவம். உண்மையான கடல் அந்த வடிவத்தை ஒருநாளும் எடுத்ததில்லை.

இது எனக்குப் புதிதே தவிர உலகத்துக்குப் புதிதில்லை என்பதுதான் வெட்கம். லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை இதைக் கண்டு சமன்பாடு எழுதத் தொடங்கியது 1775இல், நிரந்தர இயக்கத்துக்குக் கதவடைத்த அதே பாரிஸ் கழகத்தில். சந்திரனின் இழுவை கடலை ஒரு ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறது, கடல் தன் ஆழத்துக்கும் கரைகளின் அமைப்புக்கும் ஏற்ற மாதிரி ஆடிக்கொடுக்கிறது, ஆகவே பெருக்கு எப்போது வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அவருக்குப் பிறகு வந்த எயரி என்ற ஆங்கிலேயர், நிலநடுக்கோட்டைச் சுற்றி எங்கள் கடல் ஆழத்தில் ஒரு கால்வாய் இருந்தால் சந்திரனுக்கு நேர் கீழே பெருக்கு வராது, வற்றுத்தான் வரும் என்றே காட்டினார். எஞ்சின் திருத்துகிற மனிதர் ஐம்பது பேருக்கு முன்னால் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். நாங்கள் நியூட்டனைக் காப்பாற்றினோம் என்று நினைத்தோம். நாங்கள் காப்பாற்றியது ஒரு பாடப்புத்தகப் படத்தை.

இந்த இடத்தில் வழக்கமாகக் கலிலியோவை இழுப்பார்கள். புதிதாக ஒன்றைச் சொல்லி அடி வாங்குகிற ஒவ்வொருவரும் தன்னைக் கலிலியோ என்று நினைத்துக்கொள்வார், அதனாலேயே எங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஆனால் வற்றுப்பெருக்கில் கலிலியோ நின்ற இடம் வேறு. சந்திரன்தான் கடலை இழுக்கிறது என்று வானியலாளர் கெப்ளர் 1609இல் எழுதினார். கலிலியோ 1632இல் வெளிவந்த தன் பெரிய நூலில், இவ்வளவு கூர்மையான மனிதர் சந்திரன் தண்ணீரை ஆள்கிறது என்கிற மாதிரிக் கதைகளுக்கெல்லாம் காது கொடுத்தாரே என்று கெப்ளரைக் குறைசொன்னார். பூமியின் அசைவால் கடல் வாளித் தண்ணீர் மாதிரித் தளும்புகிறது என்பது அவருடைய கொள்கை. அதன்படி ஒரு நாளைக்கு ஒரு பெருக்குத்தான் வரவேண்டும், வெனிஸில் இரண்டு வருகிறது என்பது அவருக்கும் தெரியும். தேவாலயத்துக்கு முன் முழந்தாளில் நின்ற அதே மனிதர், தனக்கு ஏற்காத சரியான எண்ணம் ஒன்றைத் தள்ளிவிட்டார். இதை வாசித்த பிறகு, ஒருவர் அடிபடுகிறார் என்பதை வைத்தும் அடிக்கிறவர் பெரியவர் என்பதை வைத்தும் எந்த முடிவுக்கும் வரமுடியாது என்று ஆகிவிட்டது எனக்கு.

என்னை இன்னும் கூடத் தொட்டது ரொபேர்ட் மேயரின் கதை. ஜெர்மன் டொக்டர், பௌதிகவியல் முறையாகப் படித்தவர் இல்லை. 1840இல் ஒரு டச்சுக் கப்பலின் வைத்தியராக எங்கள் பக்கத்துக் கடலால்தான் ஜாவாவுக்குப் போனார். சுரபாயாவில் கப்பலாட்களுக்கு நாளத்தில் இரத்தம் எடுத்தபோது அது வழமையை விடச் சிவப்பாக இருந்தது. வெப்பமான நாட்டில் உடம்பைச் சூடாக வைத்திருக்க அவ்வளவு எரிக்கத் தேவையில்லை, அதுதான் என்று யோசித்து, அங்கிருந்து வெப்பமும் வேலையும் ஒன்றாக மாறக்கூடியவை, மொத்தம் அழியாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1841இல் அனுப்பிய கட்டுரையை அந்தக் காலத்தின் முதன்மையான பௌதிகவியல் சஞ்சிகை போடவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை. அதில் பௌதிகவியல் பிழைகள் இருந்தன, அது உண்மை. அவர் கணிதம் படித்தார், திருத்தி எழுதினார், அடுத்த வருசம் ஒரு இரசாயனச் சஞ்சிகை வெளியிட்டது. அப்போதும் கேலிதான். 1850இல் ஜன்னலால் குதித்தார், உயிர் தப்பினார், மனநோய் விடுதியில் இருந்தார். 1871இல் லண்டன் றோயல் சொசைட்டி அவருக்குக் கொப்லி பதக்கம் கொடுத்தது. அவர் கண்டுபிடித்ததுதான் சக்திக் காப்பு விதி. என் வாசலுக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்தவரை எந்த விதியை வைத்துத் திருப்பி அனுப்பினேனோ, அந்த விதி.

வானியலாளர் சந்திரசேகரை லண்டனில் 1935 ஜனவரியில், அந்தக் காலத்தின் பெரிய வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னும் எப்படிச் சிரிப்புக்கு ஆளாக்கினார் என்று ஒவ்வொரு வருசமும் வகுப்பில் சொல்வேன். சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கும். எங்கள் ஆள், இருபத்துநான்கு வயது என்று. அதே வாயால்தான் அன்றைக்கு அந்த அண்ணையைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். இப்போது அந்தப் பாடத்தை முன்போலச் சொல்ல வரவில்லை.

பிழையைப் பிழை என்று சொல்வது

அண்ணையின் கொள்கை பிழை. இதையும் மறைக்காமல் எழுதவேண்டும். மனம் இளகி, எல்லோருடைய எண்ணத்துக்கும் மதிப்புண்டு என்று தலையாட்டுவதும் ஒருவகை அவமதிப்புத்தான், அவரைச் சின்னப்பிள்ளையாக்குகிற வேலை. அவர் என்னிடம் கேட்டது "என்ன பிழை" என்று. அதைச் சொல்ல நான் கடன்பட்டிருந்தேன்.

2011 செப்டெம்பரில் நடந்தது ஞாபகம் இருக்கும். ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை 730 கிலோமீற்றர் நிலத்துக்கு உள்ளால் அனுப்பிய நியூத்திரினோ என்ற நுண்துகள்கள் ஒளியை விட 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக ஓபரா என்ற ஆராய்ச்சிக் குழு அறிவித்தது. ஐன்ஸ்டைனை உடைத்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கே பிழை என்று எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்றார்கள். அடுத்த சில மாதங்களில், ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாக இறுகப் பொருத்தப்படாமல் இருந்தது தெரியவந்தது. பக்கத்தில் இன்னொரு குழுவும் அளந்து, நியூத்திரினோ ஒளியை முந்தவில்லை என்று காட்டியது. ஓபரா குழுவுக்குள்ளும் சண்டை வந்தது, தலைவர் பதவி விலகினார், எல்லாம் அழகாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரும் சிரித்து அதை முடித்துவைக்கவில்லை. ஒரு கேபிளைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் முடித்தார்கள். எனக்குத் தெரிந்தவரை வேறு வழியும் கிடையாது.

அண்ணையின் கேபிள் அவருடைய கொப்பிக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் தரம் போனபோது, அடுத்தடுத்த நாட்களின் பெருக்கு நேரங்களைப் பென்சிலால் பக்கத்தில் கழித்து எழுதச் சொன்னேன். அவர் கழித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பது, கொஞ்சம் கூடக்குறைய, ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிசம் பிந்துகிறது. "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மாஸ்டர், கடலுக்குப் போற ஆர்ட்டையும் கேளுங்கோ" என்றார். சரி, நிலவு ஒவ்வொரு நாளும் எவ்வளவு பிந்தி உதிக்கிறது என்று கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். கடல் தன்பாட்டில் மூச்சு விட்டால் நிலவின் மணிக்கூட்டை ஏன் பார்க்கவேண்டும்? பறுவத்துக்கும் அமாவாசைக்கும் ஏற்ற இறக்கம் கூடுகிறதும் அதே கொப்பியில் இருந்தது, அவர் போட்ட வட்டங்களுக்குப் பக்கத்திலேயே.

நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு பொடியன் வந்து பெற்றோல் டியூப் வாங்கிக்கொண்டு போனான். பிறகு, கழற்றி வைத்திருந்த பிளை வீலைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி சொன்னார். "தள்ளுறது ஒரு நேரம், அசையிறது ஒரு நேரம். எஞ்சினிலையும் அப்பிடித்தான். பிஸ்டன் மேல வாறதுக்கு முந்தியே நெருப்புப் போடவேணும், இல்லாட்டி ஓடாது. டைமிங்." லாப்லாஸின் சமன்பாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் இதைவிட நல்ல உதாரணம் இதுவரை கண்டதில்லை. கார்த்திகை மார்கழியில் கடல் உயர்ந்து நிற்பது மட்டும் நிலவின் வேலையில்லை, அது காற்றும் நீரோட்டமும் மழைகாலமும் சேர்ந்தது, அதில் உங்கட பக்கம் நியாயம் இருக்கு என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லிவிட்டேன். நீ கேட்டது சரி, அவர் பார்த்ததும் சரி, நான்தான் பார்க்காமல் சொன்னேன் என்று வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். சிரித்தது எல்லோருக்கும் முன்னால் என்றபடியால் இதையும் அப்படித்தான் சொல்லவேண்டியிருந்தது. இப்போது முட்டைப் படத்தைக் கீறினால், பக்கத்தில் 700 என்றும் 1600 என்றும் எழுதிவிட்டு ஏன் இது நடக்காது என்று பிள்ளைகளிடம் கேட்கிறேன். இருவர் மூவர் அந்தக் குழாயைப் பார்க்கப் போயும் இருக்கிறார்கள். அவர்கள் போகிற நாட்களில் அவர் சிப்பியைச் சுரண்டித் துப்புரவாக்கி வைக்கிறாராம்.

அவர் முழுதாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைக்கவேண்டாம். போன மாதம் புதுக் கேள்வி ஒன்றோடு வந்தார். ஒரே நாளில் வரும் இரண்டு பெருக்கும் ஏன் ஒரே உயரமில்லை, முட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானே உப்பவேண்டும் என்று. சந்திரன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் போய்வருவதால்தான் அந்த வித்தியாசம், அது நிலநடுக்கோட்டைத் தாண்டுகிற நாட்களை ஒட்டி வித்தியாசம் குறையும் என்றேன். "கொப்பியிலை காட்டுங்கோ" என்றார். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் இருந்து அதைத்தான் பார்த்து வருகிறோம். இதுவரை பதினொரு பக்கம். எட்டில் நான் சொன்னது வருகிறது. மூன்றில் வரவில்லை, அதில் இரண்டுக்குப் பக்கத்தில் "வாடை" என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது ஒரு தை மாதத்துப் பக்கம், காற்றும் இல்லை, மழையும் இல்லை. அதற்கு என்ன காரணம் என்று அவரும் யோசிக்கிறார், நானும் யோசிக்கிறேன்.